சிறு பாதங்களும் கம்பளிக் காலுறைகளும்

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தலைநகரில் மார்கழி பிறந்துவிட்டால், நம் காலனிப் புல்வெளியில் வெயிலும் கம்பளி நூலும் ஒருங்கே விரிகின்றன. காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் வாழ்ந்த நம் முன்னோருக்குக் காலுறை பின்னும் தேவை எழுந்ததில்லை. இக்கலையை நாம் அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சகோதரியரிடம் கற்றோம். ஆதலால் ஊசி நமக்கு இன்றும் 'சலாயி'தான், கண்ணி 'பந்தா'தான், நேர்ப் பின்னலும் மறுபுறப் பின்னலும் 'சீதா', 'உல்டா' என்றே நம் நாவில் வழங்குகின்றன. தூய தமிழ் விரும்புவோர் பொறுத்தருள வேண்டும்.

கற்றது அவர்களிடம் என்றாலும், காலுறைக்குக் கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களில். அவற்றில் பெண்களுக்கு 64 கண்ணி என்று போட்டிருக்கும். அது வளர்ந்தோர் பாதத்துக்கு உரிய கணக்கு. நம் வீட்டுச் சிறுமியின் பாதத்தை அந்தப் புத்தகம் பார்த்ததில்லை. ஊசியின் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் வழங்கும் பழைய பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும். நம்முடைய 13-ஆம் எண் ஊசியே அவர்களுடைய 1-ஆம் எண். இதை அறியாமல் தொடங்கினால் குழந்தைக்கென்று பின்னியது தாத்தாவுக்குத்தான் பொருந்தும்.

ஆகவே புத்தகத்தை மூடிவைத்து, அளவு நாடாவை எடுப்போம். விரல்களுக்குச் சற்றுப் பின்னே பாதத்தின் சுற்றளவு 6 அங்குலம் என்று கொள்வோம். அதே நூலில், அதே ஊசியில் ஒரு சிறு துண்டு பின்னி, நனைத்து உலர்த்தி, ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். நனைக்காத துண்டு பொய் சொல்லும். 8 கண்ணி இருந்தால் ஆறெட்டு 48. காலுறை நழுவாமல் பற்றி நிற்கப் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்; எஞ்சுவது ஏறக்குறைய 43. நான்கால் வகுபட 44 என்று வைத்துக்கொள்வோம். தடித்த நூலில் அங்குலத்துக்கு 6 கண்ணியே விழுமானால், அதே பாதத்துக்கு 32 போதும். இரண்டும் ஒரே குழந்தைக்குப் பொருந்தும் என்பதே இக்கணக்கின் அழகு.

குதிகால் மடலுக்குப் பாதிக் கண்ணிகள், அதாவது 22, வரிசைகளும் 22. மேற்பாதம் உயர்ந்த குழந்தைக்கு இரண்டு அல்லது நான்கு வரிசை கூட்டலாம். குதிகாலை வளைக்கும் முறை நீங்கள் அனைவரும் அறிந்ததே. அதை விடுத்து விரல் முனைக்குச் செல்வோம்.

பலருக்கும் இடர் நேர்வது அங்கேதான். முனைக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது குறைக்கத் தொடங்குக என்று புத்தகம் சொல்லும். 64 கண்ணிக்கு அது சரி. நம் 44 கண்ணியை, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று நான்கு நான்காகக் குறைத்து 20-க்குக் கொண்டுவர 12 சுற்றுகளே ஆகும். அது ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். இரண்டு அங்குலம் முன்னரே குறைத்தால் காலுறை குட்டையாகி விரல்கள் மடங்கும். குழந்தையின் பாத எலும்புகள் இன்னும் முற்றாதவை. சுற்றளவில் கழித்தது போல் நீளத்தில் கழித்தல் கூடாது என்பது நமது உறுதியான கருத்து. வளர்ந்தோருக்குக் கழிப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும்.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இரு வண்ணப் பூவேலை செய்யும்போது காலுறையின் உட்புறம் நூல்கள் குறுக்கே ஓடும். அவற்றில் ஒன்று பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலுக்கே கேடு விளையும். ஒரு தலைமயிர் சுற்றினாலும் இவ்வாறு நேர்வதுண்டு. காரணம் புலப்படாமல் குழந்தை ஓயாது வீறிட்டால், பால் கொடுப்பதற்கும் முன்னே காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பார்க்க வேண்டும். நூலோ மயிரோ இறுகியிருந்து எளிதில் எடுக்க வரவில்லையெனில் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரே நிறமும் மழமழப்பான உட்புறமுமே தகும். பூவேலை பள்ளிப் பருவத்துக்குக் காத்திருக்கட்டும்.

வண்ணம் கூடாது என்பதன்று. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்து நாட்டு அந்தினோபோலிஸ் நகரில் கிடைத்த ஒரு காலுறை இருக்கிறது. சுமார் கி.பி. 300-ஐச் சேர்ந்தது, ஒரு குழந்தையின் இடக் காலுக்கு உரியது. இரண்டு ஊசிப் பின்னல் தோன்றுமுன் ஒற்றை ஊசியால் முடைந்தது. பல வண்ணப் பட்டைகள் கொண்ட அதனை 2018-இல் ஆராய்ந்தோர், மூன்றே தாவரச் சாயங்களைக் கலந்து அத்தனை நிறங்களையும் ஆக்கியிருப்பதாகக் கண்டனர். அதில் பெருவிரலுக்குத் தனியறை உண்டு. இன்று செருப்புக்கு இசைவாகக் கட்டைவிரல் பிரித்த காலுறை அணியும் நம் பாட்டிமார் அதைக் கண்டால் உறவு கொண்டாடுவர்!

இறுதியாக ஒன்று. மேலிருந்து கீழாகப் பின்னிய காலுறையில் விரல் முனையே கடைசியாக முடிவது. எனவே குழந்தை வளர்ந்ததும் முனையை மட்டும் பிரித்து, அரை அங்குலம் சேர்த்துப் பின்னி மீண்டும் முடிக்கலாம். சுற்றளவு இடங்கொடுக்கும் வரை இரண்டு குளிர்காலம் ஓட்டலாம். அதற்காக ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு நூலுருண்டையை இப்போதே எடுத்துப் பெட்டியில் போட்டுவையுங்கள், வேப்பிலையோடு. அடுத்த ஆண்டு அதே சாயம் கடையில் கிடைக்காது.