செய்தலும் செய்வித்தலும்

(வியாபார விளம்பர அசைபடங்களைக் குறித்து உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



செய்தான் என்பது தன்வினை, செய்வித்தான் என்பது பிறவினை என்று இலக்கண வகுப்பிலே நாமெல்லோரும் படித்தோம். பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டதென நினைத்த அந்தப் பாடம் இப்பொழுது வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் முன்னே காசுக் கணக்காக வந்து நிற்கிறது. தமது வியாபாரத்தை எடுத்துக்காட்டும் அசைபடம் ஒன்று, அஃதாவது அனிமேஷன் வீடியோ ஒன்று, ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ ஓடக்கூடியது வேண்டுமென அவர்கள் விரும்புகிறார்கள். அதனைத் தாமே செய்வதா, தொழிலறிந்தவரைக் கொண்டு செய்விப்பதா? இன்று மாலை நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே. வாலிபர் சங்கத்திலே இஃதென்ன பேச்சு என்று பெரியவர் சிலர் எண்ணக்கூடும். கடை பெரியவர்களுடையது, கம்பியூட்டர் வாலிபர்களுடையது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் அடிக்கடி மனத்தாங்கல் உண்டாவதைக் கண்டமையாலேயே இங்கு பேசத் துணிந்தோம்.

முன்னாளில் இக்கேள்வி எழவில்லை. பெயர்ப்பலகையை அத்தொழில் தெரிந்தவர் எழுதினர். படமாளிகையிலே படம் தொடங்குமுன் காட்டும் சிலைட்டுகளையும் அதற்கென இருந்தோரே ஆக்கினர். 1950 ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், எஸ். பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் கடல் கடந்து தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தது. புடைவைக் கடை முதலாளி தாமே ஒலிவாங்கியின் முன் நின்று பேசலாமா என்று யோசிக்க அந்நாளில் வழியே இருக்கவில்லை. இன்றோ கைத்தொலைபேசி ஒன்றே கமெராவாகவும், ஒலிப்பதிவுக் கூடமாகவும், படத்தை வெட்டி ஒட்டும் மேசையாகவும் ஆகிவிட்டது. வழி பிறந்தமையால் ஐயமும் உடன் பிறந்தது.

முதலில் வேலையின் பருமனை அறிதல் வேண்டும். திரைப்படம் ஒரு செக்கனுக்கு 24 சட்டகமாக ஓடுகிறது. கையால் வரைந்த காலத்திலே ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி, செக்கனுக்கு 12 சித்திரமாகச் சிக்கனம் பண்ணுவது வழக்கம். அப்படிச் சிக்கனம் பண்ணியும் ஒரு நிமிஷத்துக்கு 720 சித்திரம் வேண்டியிருந்தது. இன்று இடைப்பட்ட அசைவுகளைக் கம்பியூட்டர் நிரப்பிக்கொள்கிறது. அண்மையில் வந்த செயற்கை அறிவுக் கருவிகளோ நாலு வரி எழுதிக் கொடுத்தாலே ஏதோ ஒரு படத்தைத் தந்துவிடுகின்றன. ஆயினும் உருவம் எப்போது அசைய வேண்டும், எப்போது நிற்க வேண்டும், பார்ப்பவர் கண் எங்கே போக வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிக்க ஒரு மனிதர் இருந்தேயாக வேண்டும்.

கருவி இனாம் என்று கேள்விப்பட்டு மயங்குவோர் உளர். பிளெண்டர் என்னும் மென்பொருள் 2002 ஆம் ஆண்டு முதல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டிருப்பது உண்மையே. லத்வியா நாட்டு வாலிபரான கின்ற்ஸ் ஸில்பலோடிஸ் என்பார் 2019 இல் வெளியிட்ட ‘அவே’ என்னும் முழுநீள அசைபடத்தைச் சங்கீதம் உட்படத் தனியொருவராகவே செய்து முடித்தார். அதற்கு அவருக்கு மூன்றரை ஆண்டு சென்றது. பின்னர் அவரே கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பிளெண்டரில் ஆக்கிய ‘ஃபுளோ’ 2025 இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. மென்பொருளுக்கு விலை இல்லை. மூன்றரை ஆண்டுக்கு விலை உண்டன்றோ?

கன்வா முதலிய இணையக் கருவிகள் ஆயத்த உருவங்களைத் தருவதால் ஆண்டுகள் மாலைப்பொழுதுகளாகச் சுருங்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உருவங்களைப் பாருங்கள். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஆடவர், குளிர்காலத் தொப்பியிட்ட பெண்கள். செட்டியார் தெருவில் தாலிக்கொடிக்கு நிறை பார்க்கும் அம்மாவை அங்கே தேடிக் காண்பது அரிது. மேலும் மேலான வசதிகளுக்கு மாதச் சந்தா உண்டு. அது டொலரிலே போகும். 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதை நம் வியாபாரிகளுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, தாமே செய்து பயன் கண்டவர் கதை ஒன்று. இந்தியாவில் முழுநீளப் படத்தொழிலுக்கு அடிகோலிய தாதாசாகேப் பால்கே, 1912 இல் இலண்டன் சென்று கமெரா வாங்கி வந்தார். கையில் முதல் இல்லை. ஒரு சட்டியிலே பட்டாணி விதையை ஊன்றி, சட்டகம் சட்டகமாக ஒரு மாதத்துக்கு மேலாகப் படம் பிடித்தார். விதை முளைத்துக் கொடியாய் எழுவதை ஒரு நிமிஷத்துக்குச் சற்றே மேற்பட்ட நேரத்தில் திரையிலே ஓடவிட்டுக் காட்டினார். அதனைக் கண்டவர் கடன் கொடுக்க முன்வந்தனர். 1913 இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியாயிற்று. அந்தப் பட்டாணிப் படமும் ஒரு வியாபாரப் படமே. வேறொருவரைக் கொண்டு அதைச் செய்வித்திருந்தால் யாதொரு பயனும் விளைந்திராது. காட்ட வேண்டிய சரக்கே அவருடைய கைத்திறன்தான்.

நம் காலத்திலே ட்ரொப்பொக்ஸ் என்னும் அமெரிக்கக் கொம்பனியின் கதை இரண்டு பக்கத்தையும் ஒருங்கே காட்டுகிறது. கம்பியூட்டரில் உள்ள கோவைகளை இணையத்தின் வழியே எங்கிருந்தும் எடுக்கச் செய்யும் சேவை அது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ட்ரூ ஹூஸ்டன், 2007 இலும் 2008 இலும் தமது கம்பியூட்டர்த் திரையையே பதிவுசெய்து, தாமே குரல் கொடுத்து, படம் காட்டினார். 2008 ஆம் ஆண்டுப் படம் வெளியான ஓரிரவில் காத்திருப்போர் தொகை 5,000 இலிருந்து 75,000 ஆயிற்றென்பர். அதில் அழகு ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் கம்பியூட்டர்ப் பித்தர்கள். அவர்களுக்கே விளங்கும் பகிடிகளை அவர் இடையிடையே ஒளித்து வைத்திருந்தார். அந்தப் பகிடியை வெளியார் ஒருவர் எழுதியிருக்க முடியாது. பின்னர் சாதாரண சனங்களிடம் போக வேண்டி வந்தபோது, அதே கொம்பனி 2009 இல் கொமன் கிராஃப்ட் என்னும் சியாட்டில் நகரத்துக் கணவன் மனைவியரிடம் வேலையை ஒப்படைத்தது. அவர்கள் வெட்டிய கடதாசி உருவங்களைக் கையால் நகர்த்தி, எளிய வார்த்தைகளில் விளக்குபவர்கள். மினுக்கம் அங்கேயும் இல்லை. அறியாதவனுக்கு விளங்க வைக்கும் தொழிலுக்குத்தான் கூலி கொடுக்கப்பட்டது.

இதை நம்மூருக்குக் கொண்டு வருவோம். தீபாவளி மலிவு விற்பனை பத்து நாளில் முடிந்துவிடும். அதற்கொரு படம் வேண்டுமானால் கடைக்காரர் தாமே செய்வதுதான் நியாயம். புடைவையின் நிறமும் விலையும் கடையின் முகப்பும் தெரிந்தாற் போதும், அதில் பிழை நேர்ந்தாலும் பதினோராம் நாள் மறைந்துவிடும். தனியார் கல்வி நிலையத்தின் நேரசூசிகைக்கும் அவ்வாறே. மாறாக, கனடாவுக்கும் இலண்டனுக்கும் பொதி அனுப்பும் நிலையம் ஒன்று, பொதி உடைந்தால் யார் பொறுப்பு, சுங்கத்தில் என்ன நடக்கும், எத்தனை நாள் செல்லும் என்பவற்றை விளக்க விரும்பினால், அந்தப் படம் மூன்று நான்கு ஆண்டு நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஒரு தாய் பேரப்பிள்ளைக்குப் பலகாரம் கட்டிக் கொடுப்பாள். அங்கே அரைகுறை வேலை ஆகாது. தொழிலறிந்தவரிடம் போக வேண்டும்.

போகும்போது ஒன்றை மட்டும் கையோடு கொண்டு போக வேண்டும். அது எழுத்து. கொழும்பில் தமிழருக்கு இது தனிக் கஷ்டம். கலைக்கூடத்தில் வேலை செய்வோர் பலர் தமிழ் வாசிக்கத் தெரியாதவர். கெட்டிக்காரர்களாயினும் நம் எழுத்து அவர்களுக்குக் கோலம் போலத்தான் தோன்றும். நாம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க, அவர்கள் யாரிடமோ மொழிபெயர்ப்பித்து வாங்க, கடைசியில் நம் கடைக்கு நாமே அந்நியராய் நிற்கும் ஒரு தமிழ் வந்து சேரும். பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழை அவ்வெழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தோன்றும். யூனிக்கோட்டில் கொடுத்தாலும் முழு விமோசனம் இல்லை. அசைபடத் தொழிலாளர் பெரிதும் கையாளும் அடோபி மென்பொருள்களில் எழுத்தை ஒழுங்குபடுத்தும் பகுதி இலத்தீன் எழுத்துக்கென வைக்கப்பட்டிருந்தால், தமிழின் கொம்புகள் இடம் மாறிப்போகும். தெற்காசிய எழுத்துக்கான முறைக்கு அதனை மாற்றிவைத்தல் வேண்டும். ‘வெள்ளவத்தை’ என்ற ஊர்ப்பெயரை எழுதச் சொல்லிப் பாருங்கள். முதலிலே ஒரு கொம்பு, கடைசியிலே ஐகாரக் கொம்பு. இரண்டும் எழுத்துக்கு முன்னே நின்றால் அந்தக் கலைக்கூடத்தை நம்பலாம். அரசாங்க அறிவித்தல் பலகைகளில் தமிழ் சிதைந்திருப்பதைக் கண்டு நாம் கோபிக்கிறோம். நம் சொந்தக் காசில் நாமே அவ்வாறு ஒன்றை எழுதுவித்து ஊருக்கு அனுப்பினால் யாரைக் கோபிப்பது?

குரலும் அப்படியே. கூலிக்குக் கிடைக்கிறதென்று சென்னைத் தொலைக்காட்சி நடையில் ஒரு குரலைப் போட்டுவிட்டு, நல்லூரிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர் மனம் இளகும் என்று எதிர்பார்த்தல் வீண். கடை முதலாளியின் மனைவி நிதானமாக வாசித்தால் அதுவே மேல். படம் முழுவதையும் செய்விப்பவரும் எழுத்தையும், இயன்றால் குரலையும், தம் கையிலே வைத்துக்கொள்வது நலம் என்பது நம் அபிப்பிராயம். ஒரு நிமிஷத்துக்கு நூறு சொல்லுக்கு மேற்பட எழுதினால் மூச்சுத் திணறும். கதிரையில் இருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து உரக்க வாசித்தாலே அளவு தெரிந்துவிடும்.

இனி, மனத்தாங்கல் என்று தொடக்கத்திற் சொன்னோமே, அதற்கு வருவோம். நம்மவர் பலர் தாமே செய்வதும் இல்லை, தொழிலறிந்தவரிடம் செய்விப்பதும் இல்லை. மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவ்வழியின் பெயர் பெறாமகன்.

“தம்பி, உனக்கு இதெல்லாம் கைவந்த வேலைதானே, ஒருக்கால் செய்து தாவன்” என்கிறார் பெரியப்பா. “ஓம் பெரியப்பா” என்கிறான் பையன். விலை பேசப்படவில்லை, நாள் குறிக்கப்படவில்லை, எழுத்தும் கொடுக்கப்படவில்லை. பையன் பரீட்சைக்கு மத்தியிலே மூன்று இரவு விழித்திருந்து ஒன்றைச் செய்து காட்டுகிறான். “நிறம் கொஞ்சம் மங்கல்” என்று ஒரு திருத்தம். “சாமி படம் ஒன்று முதலிலே வரட்டும்” என்று இன்னொன்று. பெரியம்மாவுக்குச் சங்கீதம் பிடிக்கவில்லை. ஆறாவது திருத்தத்தில் பையன் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுகிறான். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை” என்று கலியாண வீட்டிலே பேச்சு நடக்கிறது. வெள்ளவத்தையில் இந்தக் கதை தெரியாத வீடு உண்டோ?

பெரியவர்களிடம் மரியாதையுடன் கேட்கிறோம்: தச்சனிடம் இவ்வாறு அலுமாரி செய்விப்பீர்களா? தம்பி செய்வது தொழில் என்றால் தொழிலுக்குரியதைக் கொடுங்கள். உறவுக்காகக் குறைக்க விரும்பினால் அவன் குறைக்கட்டும். நீங்கள் சுழியத்தில் தொடங்க வேண்டாம். வாலிபர்களுக்கும் ஒரு சொல். “ஓம்” என்று சொல்லுமுன் விலையைச் சொல்லக் கூச வேண்டாம். வேலை கைவராதென்று தோன்றினால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். இனாம் வேலையைக் காட்டி நாளைக்கு வெளியாரிடம் கூலி கேட்டால், “உன் பெரியப்பாவுக்குச் சும்மாதானே செய்தாய்” என்றுதான் பதில் வரும்.

யாரிடம் செய்வித்தாலும் ஒழுங்கு ஒன்றே. முதலில் எழுத்து முடிய வேண்டும். அடுத்து, காட்சிகளைக் கோட்டுப் படங்களாகக் கடதாசியில் வரைந்து காட்டச் சொல்ல வேண்டும். திருத்தம் எல்லாவற்றையும் அந்த இடத்திலே சொல்லிவிடல் வேண்டும். பின்னர் குரற்பதிவு. அசைவு கடைசியில்தான். கடதாசியில் ஒரு கோட்டை அழிப்பது ஒரு நிமிஷ வேலை. அசைத்தபின் அதையே மாற்றுவது இரண்டு நாள் வேலை. எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். முடிந்த படத்தோடு மூலக் கோவைகளும் நம் கைக்கு வரும் என்பதையும் அதிலே சேர்க்க வேண்டும். இல்லையேல் தொலைபேசி இலக்கம் மாறினாலும் மறுபடி அவர் வாசலிலே நிற்க வேண்டி வரும். சினிமாப் பாட்டை எடுத்துப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்நாட்டில் உண்டு, உரிமையாளர் முறையிட்டால் பேஸ்புக்கும் படத்தை எடுத்துவிடும். பஸ்ஸிலே ஒலியை மூடிவிட்டுப் பார்ப்போருக்காகச் சொற்களைத் திரையிலும் காட்டச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பார்ப்பதற்கு நெடுக்குவாட்டில் ஒரு பிரதியும் வேண்டும்.

காலத்தைப் பற்றியும் சொல்லி அமைவோம். ஒரு நிமிஷப் படத்துக்கு ஒழுங்கான கலைக்கூடத்தார் சில வாரம் கேட்பர், அது சாக்குப்போக்கன்று. தீபாவளிக்கு வேண்டிய படத்தின் எழுத்தை ஆவணியிலேயே முடித்துக் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தபின் தேடிப் போகிறவருக்குக் கொழும்பிலே கையோய்ந்த சித்திரக்காரர் ஒருவரும் அகப்படமாட்டார். அப்பொழுது மறுபடியும் பெறாமகனின் தொலைபேசிதான் அடிக்கும்.