முகத்தைப் பார்த்து நாட்டைத் தீர்மானிக்கலாமா?

(கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இனவெறி என்றதும் இந்தியாவில் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும்தான். கொல்கத்தாவும் அதை வெள்ளையரின் நோயாகவே அறிந்திருந்தது. ஐரோப்பியரை இந்திய நீதிபதிகள் விசாரிக்க வழிசெய்யும் இல்பர்ட் மசோதா 1883இல் வந்தபோது, வெள்ளை வணிகர்களும் தோட்ட அதிபர்களும் இந்நகரில் திரண்டு அதை எதிர்த்தனர். விடுதலைக்குப் பின்னரும், 1959 வரை, பெங்கால் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியவில்லை. அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் தெருவுக்கே ஹோ சி மின் பெயரைச் சூட்டிய நகரமும் இதுதான்.

இத்தகைய மரபுள்ள நகரில் "இங்கே இனவெறி இல்லை" என்ற பெருமிதம் எளிதில் வேரூன்றிவிடும். அந்தப் பெருமிதத்தை உரசிப் பார்க்கும் கல், நகரின் கிழக்கே டாங்ராவில் இருக்கிறது.

உழைப்பால் இணைந்தவர்கள்

கொல்கத்தாச் சீனர்களின் வரலாறு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தொடங்குகிறது. பட்ஜ்பட்ஜ் அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை அமைத்த ஆச்சு என்பவரின் பெயரால்தான் அச்சிப்பூர் என்ற ஊர் வழங்குகிறது. பின்னர் வந்தோரில் காண்டன் பகுதியினர் தச்சர்களாயினர். ஹூபே பகுதியினர் பல் மருத்துவத்தில் இறங்கினர். ஹக்கா மக்கள் தோல் பதனிடுதலையும் காலணித் தொழிலையும் மேற்கொண்டனர்.

தோல் தொழில் ஹக்கா மக்களின் கைக்கு ஏன் வந்தது? சாதி இந்து சமூகம் அதைத் தீட்டு என்று ஒதுக்கியதே முதன்மைக் காரணம். டாங்ராவின் தோல் பதனிடும் கூடங்களில் சீனக் குடும்பங்களிடம் கூலிக்கு உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் பீகாரிலிருந்து வந்த தலித்துகள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உரிய முரண்பாடு அங்கும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சாதி ஒதுக்கிய தொழிலில்தான் "அந்நியர்" என்று ஒதுக்கப்பட்டவருக்கும் இடம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சாதியையும் இனத்தையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பேசுவோர் இதைக் காண்பதில்லை.

1962: பாட்டனின் பிறப்பு குற்றமானது

1962 அக்டோபரில் எல்லைப் போர் மூண்டது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பகை நாட்டின் குடிமகனாக இருந்திருந்தால், அவரை அந்நியர் சட்டத்தின் கீழ் நடத்தலாம் என்று சட்டம் மாற்றப்பட்டது. இந்தியாவில் பிறந்தவர், இந்தியக் குடியுரிமை பெற்றவர் என்பதெல்லாம் பயனற்றுப் போயின. அசாம், மேகாலயா மலைப்பகுதி, டார்ஜிலிங், கொல்கத்தா ஆகிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, இராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கடைசியாக எஞ்சியோர் 1967இல்தான் விடுதலையாயினர். முகாமுக்கு வெளியே இருந்தோரும் காவல்துறையின் அனுமதியின்றி வெளியூர் செல்ல இயலவில்லை. அடுத்த ஆண்டுகளில் பலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். இந்திய அரசு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

தேவ்லி என்ற பெயர் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் புதிதன்று. 1940-41இல் டாங்கே, ரணதிவே உள்ளிட்ட தோழர்களை ஆங்கிலேயர் அடைத்து வைத்ததும் அங்கேதான். 1962 நவம்பரில் கம்யூனிஸ்டுகள் பலர் "சீன ஏஜெண்டுகள்" என்ற முத்திரையுடன் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறையிடப்பட்டனர். ஒருவர் முகத்துக்காகவும் மற்றவர் கொள்கைக்காகவும் தேசத்துரோகி ஆக்கப்பட்டனர். ஆக்கிய கை ஒன்றுதான்.

நீரோட்டம் என்னும் சொல்

சிறுபான்மையினரை நோக்கி ஆளும் வர்க்கம் இடைவிடாது கூறும் அறிவுரை ஒன்று உண்டு: "தேசிய நீரோட்டத்தில் கலந்துவிடுங்கள்." தேவ்லிக்குச் சென்றோரில் பலர் கலந்தவர்களே. இங்கே பிறந்து, இம்மண்ணின் மொழிகளைப் பேசி, இங்கேயே உழைத்தவர்கள். அவர்கள் நீரோட்டத்திலிருந்து விலகவில்லை. அரசு அவர்களைப் பிடித்து வெளியே எறிந்தது. ஒருங்கிணைப்பைச் சிறுபான்மையினரின் கடமையாகப் பேசுவது, ஏற்றத்தாழ்வை மறைக்கும் பேச்சு.

இது முடிந்துபோன கதையும் அன்று. 2020 மே மாதம், கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே, மணிப்பூரைச் சேர்ந்த 180க்கும் மேற்பட்ட செவிலியர்கள் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் வேலையை விட்டு ஊர் திரும்பினர். முகத்தைக் காட்டி "கொரோனா" என்று இழிவுபடுத்தியது, போதிய பாதுகாப்புக் கவசம் இல்லாதது, ஊதியச் சிக்கல் ஆகியவை அவர்கள் தரப்பில் கூறப்பட்ட காரணங்கள். இழிசொல்லும் கூலிப் பிரச்சினையும் ஒரே பட்டியலில் இருப்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அவமதிக்கத்தக்கவர் என்று ஆக்கப்பட்ட தொழிலாளியைக் குறைந்த கூலிக்கும் வாங்கலாம், பாதுகாப்பின்றியும் வேலை வாங்கலாம்.

2014இல் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா கொல்லப்பட்ட பின் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இன இழிவைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவுகளைப் பரிந்துரைத்தது. தண்டனைச் சட்டத்தையே மாற்றி எழுதிய ஒன்றிய அரசு, அவற்றை அதில் சேர்க்கவில்லை.

தமிழர் மறக்கக் கூடாதது

தேவ்லியில் இருந்தோரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1963இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பலேற்றப்பட்டனர். பலருக்குச் சீனா கண்டறியாத நாடு. தமிழருக்கு இது அயலான அனுபவமா? 1948இல் இலங்கை அரசு, தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டு மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது, அவர்களது விருப்பத்தைக் கேளாமலே.

இதே வலியை அறிந்த தமிழ் மண்ணில் இன்று "வடக்கன்" என்ற சொல் கூசாமல் புழங்குகிறது. 2025இல் பாஜக ஆளும் மாநிலங்களில் வங்கமொழி பேசிய தொழிலாளர்கள் "வங்கதேசத்தவர்" என்ற ஐயத்தின் பேரில் பிடித்துவைக்கப்பட்டனர். அதே தொழிலாளி திருப்பூரில் பின்னலாடை தைக்கிறான். சென்னையில் கட்டடம் எழுப்புகிறான். டெல்லியில் காவலர் கேட்கும் சான்றிதழை, இங்கே இழிசொல் கேட்கிறது.

எனவே, "நாம் அனைவரும் ஒன்று" என்ற இனிய சொற்களோடு கட்சிப் பணி நின்றுவிட முடியாது. புலம்பெயர் தொழிலாளி சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். நிர்வாகக் குழுவிலும் அமர வேண்டும். சங்கக் கூட்டம் அவருக்குப் புரியும் மொழியிலும் நடைபெற வேண்டும். சம வேலைக்குச் சம கூலியும், வாடகை வீட்டில் பாகுபாடின்மையும் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் நிற்க வேண்டும். இழிசொல் எழும் இடம் தொழிற்சாலை வாயிலாயினும் தேநீர்க் கடையாயினும், அதை அங்கேயே மறுத்துப் பேசுவது ஒவ்வொரு கட்சி உறுப்பினரின் கடமை. முகத்தைப் பார்த்துப் பிரிக்கப்படும் தொழிலாளி வர்க்கம், கூலிப் பேச்சுவார்த்தையில் தோற்றுவிட்டுத்தான் வெளியே வரும்.