வெல்டிங் மிஷினுக்கும் ஓய்வு வேண்டும்

வீடுகளின் இரும்புக் கேட்டையும் சன்னல் கிரில்லையும் உருவாக்கும் வெல்டிங் தொழிலை ஐ.டி.ஐ.களில் ஓராண்டுப் பயிற்சியாகக் கற்கலாம் எனினும், மிஷின் வாங்குவோர் பலர் ஆம்பியரை மட்டும் பார்த்து, அதனினும் முக்கியமான ‘டியூட்டி சைக்கிள்’ எனும் அளவைக் கவனியாது விடுகின்றனர். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் மிஷின் தொடர்ந்து இயங்கலாம் என்பதைக் குறிக்கும் இந்த அளவு, 200 ஆம்பியரில் 60 விழுக்காடு எனில், 6 நிமிட வேலைக்குப்பின் 4 நிமிட ஓய்வு தேவை. பொதுவாக இது 40 டிகிரி செல்சியஸ் சூழலுக்குக் கணக்கிடப்படுவதால், கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஓய்வு மேலும் கூடும். கிரில் வேலைக்குரிய 2.5 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியரே போதுமாகையால், எடை குறைந்த சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மிஷினே கற்போருக்கு ஏற்றது. மிஷினுக்கு முன்னதாக, கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடி முகக்கவசத்தை வாங்குங்கள்.