த்ரோ நகரில் திறந்த கதவு



பிரான்சின் அதிபர் தேர்தல்களில் மரபான வலதுசாரிக் கட்சியின் வேட்பாளர்கள் தீவிர வலதுசாரி வாக்காளர்களை எப்படியெல்லாம் அழைத்தார்கள், அந்த அழைப்பு யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைப் பற்றி இந்த இரண்டு நாளும் பேசப்போகிறோம். புதுச்சேரியில் உட்கார்ந்து இதைப் பேசுவது பொருத்தம்தான். 1962-இல் இந்த ஊரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த ஊரில் இருக்கிறார்கள்; அதிபர் தேர்தல் வந்தால் இங்கேயே வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். யார் உண்மையான பிரெஞ்சுக்காரர் என்ற வாதம் பாரிஸில் சூடு பிடிக்கும்போது, இந்த ஊரின் சில வீடுகளில் அது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல.

2002-இல் நான் பாரிஸில் ஆய்வு மாணவன். ஏப்ரல் 21 இரவு முதல் சுற்று முடிவு வந்தது. மரபு வலதுசாரி அதிபர் ஷிராக்குக்கு 19.88 சதவீதம், தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியின் ழான்-மரி லெ பென்னுக்கு 16.86, சோசலிஸ்டுப் பிரதமர் ஜோஸ்பனுக்கு 16.18. ஜோஸ்பன் வெளியே, லெ பென் உள்ளே. இரண்டு வாரம் கழித்து, மே 5 ஞாயிறன்று, நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான அம்மாள் என்னைத் தம் வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனார். ஒரு தொடக்கப் பள்ளி. மேசைமேல் இரண்டு அடுக்குச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவர் இரண்டு அடுக்கிலும் ஒவ்வொரு சீட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ஒன்றை உறையிலிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டார். "வாக்களித்தாயிற்று" என்று அதிகாரி உரக்கச் சொன்னார்.

இரவு எட்டு மணிக்கு எண்ணிக்கை. அதைப் பார்க்கவும் போனோம். உறைகளை நூறு நூறாகக் கட்டி மேசைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மேசைக்கு நால்வர். ஒருவர் உறையைப் பிரித்துச் சீட்டை நீட்ட, அடுத்தவர் பெயரைப் படிக்க, எதிரே இருவர் தாளில் கோடு போட்டார்கள். ஷிராக், ஷிராக், ஷிராக், ஷிராக், லெ பென். மறுபடியும் ஷிராக், ஷிராக். அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்க தெ கோல் கட்சிக்கே வாக்களித்தவர். அவருடைய வேட்பாளர் பெருவெற்றி பெற்றுக்கொண்டிருந்தார். நாடு முழுவதும் 82.21 சதவீதம் வந்தது. ஆனால் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. படியிறங்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நாலே நாலு பேர்தானே என்று அன்றைக்கு எங்களிடம் சொன்னார்கள்."

அதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது. பாரிசுக்கு மேற்கே த்ரோ என்று ஒரு சிறிய தொழில் நகரம். 1983 செப்டம்பரில் அங்கே நகராட்சித் தேர்தலை மறுபடி நடத்த வேண்டியிருந்தது. முதல் சுற்றில் தேசிய முன்னணியின் ஸ்திர்புவா தலைமையிலான பட்டியல் 16.72 சதவீதம் பெற்றது. இத்தனைக்கும் 1974 அதிபர் தேர்தலில் லெ பென் ஒரு சதவீதம்கூடப் பெறவில்லை. 1981-இல் போட்டியிடத் தேவையான 500 கையொப்பங்களையே அவரால் திரட்ட முடியவில்லை. த்ரோவின் மரபு வலதுசாரிகள் இரண்டாம் சுற்றில் அந்தப் பட்டியலைத் தங்களுடையதோடு சேர்த்துக்கொண்டு நகராட்சியைப் பிடித்தார்கள். ஆவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு மீண்ட சிமோன் வேய், அதே வலதுசாரி அணியின் பெரிய தலைவர், தாம் த்ரோ வாக்காளராக இருந்தால் வாக்களிக்கவே மாட்டேன் என்றார். ஷிராக்கோ, சோசலிஸ்டு அதிபர் மித்திரோனின் அமைச்சரவையில் நான்கு கம்யூனிஸ்டுகள் உட்கார்ந்திருக்கும்போது த்ரோவில் நான்கு தேசிய முன்னணிக்காரர்கள் இருப்பது ஒரு பொருட்டே அல்ல என்ற கருத்தில் பேசினார். வீட்டுக்கார அம்மாளுக்குப் பத்தொன்பது ஆண்டு கழித்து நினைவுக்கு வந்த நால்வர் அவர்கள்தாம்.

இந்தக் கதையை நல்லவர், கெட்டவர் கதையாகச் சொல்லிவிடக் கூடாது. பிரெஞ்சுத் தேர்தல் முறையே வேட்பாளரை இந்தப் பக்கம் தள்ளுகிறது. முதல் சுற்றில் தன் அணியில் முதலாவதாக வர வேண்டும். இரண்டாம் சுற்றில் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது பதினான்கே நாள். அந்தப் பதினான்கு நாளில், தோற்றுப்போன வேட்பாளரின் வாக்குகள் வேலியில்லாத வயல்போல விரிந்து கிடக்கும். 1988-இல் ஷிராக்கின் நிலை அதுதான். அவருக்கு 19.9 சதவீதம், லெ பென்னுக்கு 14.4, மித்திரோனுக்கு 34.1. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ஷார்ல் பஸ்க்வா, தேசிய முன்னணியும் ஆளும் அணியும் அடிப்படையில் ஒரே கவலைகளையும் விழுமியங்களையும் கொண்டவை என்று ஒரு வார இதழிடம் சொன்னார். ஷிராக் 46 சதவீதத்தில் தோற்றார். ஆனால் பஸ்க்வாவின் சொல் அவரோடு தோற்றுப்போகவில்லை. வாக்கு ஐந்தோ ஏழோ ஆண்டில் காலாவதியாகிவிடும். ஓர் அமைச்சர் வாயிலிருந்து வந்த அங்கீகாரத்துக்குக் காலாவதி கிடையாது. இதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

அதே கட்சிக்குள் மறுத்தவர்களும் இருந்தார்கள். ஆன்மாவை இழப்பதைவிடத் தேர்தலை இழப்பது மேல் என்று மிஷேல் நுவார் 1987-இலேயே எழுதினார். அப்போது அவர் அமைச்சர். 1991-இல் ஒர்லெயானில், குடியேறிய குடும்பங்களின் சத்தத்தையும் வாடையையும் பற்றி ஷிராக் பேசிய பேச்சு இன்றும் அவரைவிட்டு அகலவில்லை. அதே ஷிராக், 1998-இல் வட்டாரத் தலைவர்கள் சிலர் தேசிய முன்னணி உறுப்பினர்களின் வாக்கோடு பதவியேறியபோது, அதிபராகத் தொலைக்காட்சியில் தோன்றிக் கண்டித்தார். 2002-இல் லெ பென்னோடு விவாத மேடை ஏறவே மறுத்தார். ஒரே மனிதர், இரண்டு ஷிராக்குகள். எது கணக்கு, எது மனசாட்சி என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பிரித்துப் பார்க்கட்டும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: வேலி போடவும் முடிந்தது, பிடுங்கவும் முடிந்தது, இரண்டும் தலைவர்கள் எடுத்த முடிவுகள்.

இனி 2007-க்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆண்டு இதுதான். மக்கள் நகலைவிட அசலையே விரும்புவார்கள் என்று லெ பென் அடிக்கடி சொல்லி வந்தார். 2007-இல் அது பொய்த்தது. நிக்கோலா சர்கோசி, குடியேற்றத்துக்கும் தேசிய அடையாளத்துக்கும் சேர்த்து ஓர் அமைச்சகம் அமைப்பேன் என்று பிரசாரத்தின் நடுவே அறிவித்தார். இரண்டையும் ஒரே பெயர்ப்பலகையில் எழுதினாலே, ஒன்று மற்றொன்றுக்கு ஆபத்து என்று ஆகிவிடுகிறது. வேறு எதையும் விளக்க வேண்டியதில்லை. லெ பென்னின் வாக்கு 48 லட்சத்திலிருந்து 38 லட்சமாகச் சரிந்தது. சர்கோசி முதல் சுற்றில் 31.18 சதவீதமும் இரண்டாம் சுற்றில் 53.06 சதவீதமும் பெற்று வென்றார். தேசிய முன்னணி முடிந்தது என்று எழுதாத பத்திரிகையாளர் அன்று குறைவு. நானும் அப்படித்தான் நம்பினேன்; என் பழைய வகுப்புக் குறிப்புகளில் அது இருக்கிறது.

ஆனால் அந்த வாக்குகள் கைமாற்றாக வந்தவை. கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பிடியைத் தளர்த்தாமலிருக்க ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. 2009-இல் தேசிய அடையாளம் பற்றி அரசே நாடு முழுவதும் விவாதம் நடத்தியது. 2010 ஜூலை 30 அன்று கிரெனோபிளில், காவலரின் உயிருக்கு உலை வைக்கும் வெளிநாட்டுப் பூர்விகத்தவரின் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்றார் சர்கோசி. ஒரே குற்றம், இரண்டு வகைக் குடிமக்கள். அவருக்கு ஆலோசனை சொன்னவர் பத்ரிக் புயிசோன். தீவிர வலதுசாரி வார இதழான மினியூத்தின் ஆசிரியராக இருந்தவர்.

2012-இல் மரீன் லெ பென் 64 லட்சம் வாக்கு வாங்கினார். தந்தை ஒருநாளும் தொடாத எண்ணிக்கை. ஐந்தாண்டு அதிபர் பதவியிலிருந்தபடி சர்கோசி பேசிய பேச்சு அத்தனையும் மரீனுக்கு உரமாகிப் போயிருந்தது. இரண்டாம் சுற்றுக்கு முன் சர்கோசி எல்லை, அடையாளம் என்று இன்னும் அழுத்திப் பேசினார். மே 1 அன்று மரீன், தாம் வெற்றுச் சீட்டுப் போடப்போவதாக அறிவித்தார். மே 3 அன்று நடுநிலைவாதி பிரான்சுவா பாய்ரூ, தம் வாக்கு சோசலிஸ்டு வேட்பாளர் ஒலாந்துக்கு என்றார். வாக்கெடுப்பில் ஒலாந்துக்கும் சர்கோசிக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறத்தாழ 11 லட்சத்து 40 ஆயிரம். வெற்றுச் சீட்டும் செல்லாச் சீட்டும் சேர்ந்து 21 லட்சத்துக்கு மேல். முதல் சுற்றில் அவை ஏழு லட்சம்தான். வலப்பக்கம் கேட்ட வாக்கு முழுதாக வரவில்லை. நடுவிலிருந்த வாக்கும் கைவிட்டுப் போனது.

அதன் பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லலாம். 2017-இல் அதே கட்சியின் வேட்பாளர் ஃபியோன் 20.01 சதவீதம் பெற்று இரண்டாம் சுற்றைக்கூட எட்டவில்லை. மனைவிக்குக் கொடுத்த வேலை பற்றிய ஊழல் வழக்கும், நடுவில் மக்ரோன் முளைத்ததும் அதற்குக் காரணங்கள், அவற்றை நான் மறைக்கவில்லை. 2022-இல் வலெரி பெக்ரெஸ். நிர்வாகத்தில் தேர்ந்தவர், மிதவாதி என்று பெயரெடுத்தவர். பிப்ரவரி 13 அன்று பாரிசின் ஸெனித் அரங்கில், பெரும் மேடையில், 'பெரும் இடமாற்றம்' என்ற சொல்லை உச்சரித்தார். ரெனோ காமியூ என்ற எழுத்தாளர் பரப்பிய சதிக் கோட்பாட்டின் பெயர் அது: பிரெஞ்சு மக்களை அகற்றிவிட்டு வேற்றினத்தாரைக் குடியமர்த்துகிறார்கள் என்பது. அது தவிர்க்க முடியாத விதி அல்ல என்றுதான் பெக்ரெஸ் பேசினார், அதை ஏற்கவில்லை என்று பிறகு விளக்கமும் தந்தார். ஆனால் வராது, தடுக்கலாம் என்று சொல்லும்போதே, அப்படி ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அவருக்குக் கிடைத்தது 4.78 சதவீதம். பிரசாரச் செலவை அரசு திருப்பித்தர ஐந்து சதவீதம் வேண்டும். தம் பெயரில் ஐம்பது லட்சம் யூரோ கடன் நிற்கிறது என்று சொல்லி அவர் நன்கொடை கேட்டார். தீவிர வலதுசாரி வேட்பாளர் ஸெமூருக்கு 7.07, மரீனுக்கு 23.15.

2007, 2012, 2017, 2022 முதல் சுற்றுகளில் 31.18, 27.18, 20.01, 4.78. பதினைந்து ஆண்டில் ஒரு பெரிய கட்சி தேய்ந்த கணக்கு இது.

அரசியல் ஆய்வாளர்கள் வெர்னர் கிரவுசே, டெனிஸ் கோஹன், தாரிக் அபூ-ஷாதி மூவரும் மேற்கு ஐரோப்பிய நாடுகளின் தேர்தல்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்தார்கள். மையக் கட்சிகள் தீவிர வலதுசாரிகளின் நிலைப்பாட்டை எடுத்துக்கொள்வதால் அவர்களுடைய ஆதரவு குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வைக் காட்டிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. "அப்படியானால் அந்த வாக்காளரின் கவலையைக் காதில் வாங்கவே கூடாதா?" என்று கேட்பவருக்கு மறுமொழி வேண்டும். என் மறுமொழி இது. மூடிய ஆலை, தூரமாகிப்போன மருத்துவமனை, இரவில் பயம் தரும் தெரு, இவற்றைப் பற்றி வலதுசாரி வேட்பாளர் பேசுவது கடமை. குற்றத்துக்குக் கடுந்தண்டனை கேட்பதும், குடியேற்றத்துக்கு வரம்பு கேட்பதும் சனநாயக வாதங்கள்தாம். ஆனால் கவலையைக் கேட்பது ஒன்று. அந்தக் கவலைக்கெல்லாம் பக்கத்து வீட்டு வேற்றினத்தானே காரணம் என்ற விடையைச் சேர்த்து வாங்கிக்கொள்வது வேறொன்று. இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் ஒருவரும் தாண்டிவிட்டோம் என்று அன்று உணரவில்லை. இந்த அரங்கில் படிக்கப்படும் கட்டுரைகள் அந்தக் கோடு எங்கே, எந்த வாக்கியத்தில் தாண்டப்பட்டது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்னொரு வேண்டுகோள், குறிப்பாக மாணவர்களுக்கு. 'தீவிர வலதுசாரி வாக்காளர்' என்று ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். மூடிய சுரங்கங்கள் உள்ள வடக்கில் அவர் ஒருவர். அல்ஜீரியாவை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் மத்தியதரைக் கடலோரத்தில் அவர் வேறொருவர். வேட்பாளர்கள் செய்த தவறையே நாமும் செய்யக்கூடாது.

2024 ஜூனில் இந்தக் கதை ஒரு கட்டடத்தின் வாசலுக்கு வந்தது. மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்த இரண்டாம் நாள், தெ கோல் வழிவந்த கட்சியின் தலைவர் எரிக் சியோத்தி, மரீனின் கட்சியோடு கூட்டு என்று அறிவித்தார். மறுநாள் தலைமையகத்தை மூடச் சொல்லிக் கதவைப் பூட்டவைத்தார். கட்சித் தலைவர்கள் வேறிடத்தில் கூடி அவரை நீக்கினார்கள். அந்த நீக்கத்தை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பூட்டிய கதவின் முன் செய்தியாளர்கள் நின்ற காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த அம்மாளின் நினைவுதான் வந்தது. அவர் இப்போது உயிரோடு இல்லை.

முதல் அமர்வை அதிபர்களிலிருந்தும் பெரிய மேடைகளிலிருந்தும் தொடங்காமல் த்ரோவிலிருந்து தொடங்க வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொண்டேன், அன்போடு இசைந்தார்கள். 1983-இல் அந்த நகராட்சி மன்றத்தில் யார் யார் அமர்ந்தார்கள், முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பற்றிய கட்டுரையைப் படிக்க முதல் ஆய்வாளரை மேடைக்கு அழைக்கிறேன்.