மென்மை என்னும் அறம்

(தசலட்சண விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)



பத்து அறங்களுள் நேற்றுப் பொறுமையைச் சிந்தித்தோம். இன்றைய நாள் உத்தம மார்தவத்திற்கு உரியது. 'மிருது' என்னும் வடசொல்லின் வழிவந்தது மார்தவம். தமிழில் மென்மை என்கிறோம்.

தமிழில் மென்மைக்குப் பொருள் பல. மலரின் மென்மை தொட்டு அறிவது. மெல்ல நடத்தல் விரைவின்மையைக் குறிக்கும். மென்சொல் என்பது இனிய சொல். மெலியார் என்றாலோ வலிமையற்றவர். இக்கடைசிப் பொருளையே மனத்திற்கொண்டு, பணிந்து பேசுவோரை வலுவற்றவர் என உலகம் எண்ணிவிடுகிறது.

நம் ஆகமம் அவ்வாறு கொள்ளவில்லை. மார்தவத்திற்குப் பகை வலிமை அன்று, செருக்கே. அறிவு, வழிபாடு, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என்னும் எட்டின் வாயிலாகச் செருக்குத் தோன்றும் என்பர். இவ்வெட்டனுள் வழிபாடும் தவமும் இடம்பெற்றிருத்தலைக் கருதிப் பார்க்க வேண்டும். முதல் அபிஷேகம் யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு என்று பூசலிடும்போது, ஜினாலயத்திற்குள்ளேயே நாம் அறத்தை இழக்கிறோம்.

முனிவர் ஏந்தும் மயிற்பீலியை எண்ணுங்கள். மூலாசாரம் பீலிக்குக் கூறும் ஐந்து குணங்களுள் மார்தவமும் ஒன்று. சிற்றுயிரும் நோகாதிருக்க அம்மென்மை வேண்டும். அதனை ஏந்துபவரோ வெயிலிலும் குளிரிலும் வெறுங்காலுடன் நடப்பவர். அவர்தம் உறுதி தம் நோன்பில். மென்மை பிற உயிர்களிடத்தில்.

நம் பவணந்தி முனிவரின் நன்னூலைப் பயின்றோர் எழுத்தின் இனங்களை அறிவர். 'பத்து' என்னும்போது தகரம் வலித்து ஒலிக்கிறது. 'பந்து' என்னும்போது, மெல்லினமாகிய நகரம் முன்நிற்க, அதே தகரம் இளகி ஒலிக்கிறது. எழுத்து மாறவில்லை, ஒலி மட்டுமே மாறியது.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற நம் குடும்பங்களின் பிள்ளைகள் இவ்விழாவிற்கு வந்துள்ளனர். அவர்களுட் சிலர் துதிகளை அறியாதிருக்கலாம், பிழையாகப் படிக்கலாம். அங்கே பலர் முன்னிலையில் கடிந்துரைத்தால் அடுத்த ஆண்டு அவர்கள் வாரார். அருகில் அமர்த்தி ஓரடியேனும் சொல்லிக் கொடுத்தால், நாளை தம் மக்களையும் அழைத்து வருவர். எண்ணிக்கையில் சிறிய சமுதாயமாகிய நமக்கு ஒரு பிள்ளையை இழப்பதும் பேரிழப்பே.

இரவுண்ணாமை முதலிய நோன்புகளைத் தளர்த்துமாறு நான் கூறவில்லை. அவற்றை எடுத்துரைக்கும் சொல் இளகட்டும் என்றே வேண்டுகிறேன். இன்று ஒரு நாளேனும் நம் இல்லத்தில் வன்சொல் எழாதிருப்பதாக.

வளர்க ஜினதர்மம்!