மறுபடியும் மாட்டுக் கொட்டகைக்கு

தேனிப் பக்கம் கூடலூரிலோ சின்னமனூரிலோ பசு பருவத்துக்கு வந்து கத்தினால், வீட்டுக்காரர் முதலில் தேடுவது சினை ஊசி போடும் ஆளைத்தான். வெளிநாடுகளில் கால்நடைச் செவிலியர் என்று தனித் தொழிலே உண்டு. இங்கே அந்த வேலையைக் கால்நடை ஆய்வாளரும் பராமரிப்பு உதவியாளரும் பார்க்கிறார்கள்.

பிள்ளைப்பேறு, வீட்டுப் பெரியவர்களின் நோய் என்று ஆறேழு வருடம் இந்த வேலையை விட்டு விலகியிருந்த பெண் திரும்பி வந்தால்? மாட்டைப் பிடிக்கப் பயப்படுவாரோ என்று கேட்பார்கள். அதெல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும்.

மாறியிருப்பது மருந்து அலமாரி. செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததால், 2006இல் மாடுகளுக்கு டைக்ளோபினாக் என்ற வலி மருந்து தடையானது. 2023இல் கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் இரண்டும் போயின. வலி ஊசி என்றதும் பழைய பழக்கத்தில் கை எதை எடுக்கும், யோசியுங்கள்.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு கருச்சிதைவு நோய்க்கும் தடுப்பூசி வந்தது. கருச்சிதைவுத் தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும். உயிருள்ள கிருமி கொண்ட மருந்து. ஊசி தவறிக் கையில் குத்தினால் போட்டவருக்கே நோய் வரலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

சினை ஊசிக்கு வருவோம். மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்த உறைவிந்துக் குச்சியை 37 டிகிரி நீரில் அரை நிமிடம் வைப்பதைப் படித்தே நினைவுபடுத்திக்கொள்ளலாம். மலக்குடல் வழியே கைவிட்டுக் கருப்பை வாயைப் பிடித்துணரும் பக்குவம் அப்படித் திரும்பாது. அது தவறினால் மாட்டுக்காரருக்கு 21 நாள் தீனி வீண்.

பிரிட்டனில் நெடுநாள் பதிவை விட்டிருந்த கால்நடைச் செவிலியர், திரும்பும்போது சில காலம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். 2020இல் தொடங்கிய தேனி கால்நடை மருத்துவக் கல்லூரி இங்கே அப்படி ஒரு பயிற்சி தரலாம் என்பது என் எண்ணம்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். காலையில் கத்தும் பசுவுக்கு மாலையில் ஊசி. மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். இரண்டுமே சமையலும் பள்ளிக்கூடமும் இழுக்கிற வேளை. ஒரு கால்நடைக் கிளை நிலையத்தில் இருவர் இருந்து, ஆளுக்கொரு வேளை என்று பிரித்துக்கொண்டால், போனவர்களில் பலர் திரும்புவார்கள்.