எந்த வளைவு என்று கேளுங்கள்



பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலர் 108 ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறப்போகிறீர்கள். சிலர் வண்டியில் ஏறாமல் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காரப்போகிறீர்கள். அந்தச் சிலரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். "போன் எடுக்கிற வேலைதானே?" என்று உங்கள் சொந்தக்காரர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு தவறானது என்பதற்கு வேறு ஊர் தேட வேண்டாம், ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையே போதும்.

"ஏற்காடு ரோட்டுல ஆக்சிடென்ட், சீக்கிரம் வாங்க" என்று ஓர் அழைப்பு வருகிறது. சேலத்திலிருந்து மேலே வர இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பழைய மலைப்பாதை, மற்றது குப்பனூர் வழி. எந்தப் பாதை என்று கேட்காமல் வண்டியை அனுப்பினால், பாதி மலை ஏறிய பிறகு திரும்பி இறங்க வேண்டியிருக்கும். பழைய பாதைதான் என்று தெரிந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. எத்தனையாவது வளைவு? ஏற்காட்டில் நிற்கும் வண்டி இறங்குவது சுலபமா, அடிவாரத்தில் இருக்கும் வண்டி ஏறுவது சுலபமா? 2024 ஏப்ரல் 30-ஆம் தேதி தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனது இந்தப் பாதையில்தான். அப்படி ஒரு நேரத்தில் மேல் வளைவில் நிற்கிறவர் ஓர் எண் சொல்வார், கீழ் வளைவில் நிற்கிறவர் வேறோர் எண் சொல்வார். இரண்டும் ஒரே விபத்து என்று கண்டுபிடிக்க வேண்டியவர் எங்கோ சென்னையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஏற்காடு ஒன்றியத்தில் வாழவந்தி இருக்கிறது. கொல்லிமலையில் வாழவந்தி நாடு இருக்கிறது. இரண்டுமே மலை, மாவட்டம்தான் வேறு. நம் ஒன்றியத்திலேயே வேலூர் என்று ஓர் ஊராட்சி உண்டு. வலியில் துடிக்கும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வேலூர்லேர்ந்து பேசறேன்" என்று ஒரு தாய் சொன்னால், உங்கள் மனம் தானாகக் கோட்டை இருக்கிற வேலூருக்குத்தான் போகும். போகக் கூடாது. தாலுகாவைக் கேட்க வேண்டும், மாவட்டத்தைக் கேட்க வேண்டும், பக்கத்தில் எந்த எஸ்டேட் என்று கேட்க வேண்டும். காப்பித் தோட்டத்து லைன் வீடுகளுக்குக் கதவு எண் சொல்லி யாரும் வழி காட்டுவதில்லை. எஸ்டேட் பெயர்தான் அங்கே முகவரி.

இத்தனை கேள்வி கேட்டால் அழைத்தவருக்குக் கோபம் வரும், "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, வண்டி அனுப்புங்க சார்!" என்று கத்துவார். அது நியாயமான கோபம். இடம் தெரிந்த உடனே வண்டிக்குத் தகவல் போய்விடுகிறது என்பதும், அதற்குப் பிறகு நாம் கேட்கும் எதுவும் வண்டியைத் தாமதப்படுத்துவதில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. அதனால் அதைச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, வண்டி கிளம்பிடுச்சு. நான் லைன்லயே இருக்கேன். நான் சொல்றத நீங்க செய்யுங்க." உங்கள் பயிற்சியில் வேறு எது மறந்தாலும் இந்த மூன்று வாக்கியங்கள் மறக்கக் கூடாது என்பேன்.

ஏனென்றால் மலையில் வண்டி வந்து சேரும்வரை வைத்தியம் என்பது உங்கள் குரல்தான். இதயம் நின்றால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. எந்த ஓட்டுநராலும் அந்த நேரத்துக்குள் இந்த வளைவுகளைக் கடந்து வர முடியாது. நெஞ்சின் நடுவில் கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்தச் சொல்லி, கூடவே நீங்கள் எண்ண வேண்டும். பாம்பு கடித்தவரின் காலை இறுக்கிக் கட்டாதே, கீறாதே, நடக்க விடாதே என்று தடுக்க வேண்டும். வண்டி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால், துடைத்துத் துணியில் பொதிந்து தாயின் மார்போடு சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும்.

இப்படித் தொலைபேசியில் முதலுதவி சொல்வதற்கு ஒழுங்கான கேள்வி முறை வேண்டும் என்று 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் உருவாக்கிக் காட்டினார். அதற்கும் முன்பு, 1935-இல் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிட முயன்ற பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பு இணைப்பகத்தில் வரிசையில் காத்துக் கிடந்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1937-இல் வந்த 999 என்ற அவசர எண். நம் நாட்டில் 108 சேவை 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கி, 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது.

இனி ஒரு குறை. 108 வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்கு 50 நாள் பயிற்சி என்றும் ஓட்டுநருக்கு 10 நாள் என்றும் போடுகிறார்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அழைப்பை எடுப்பவருக்கு அதுபோல ஒரு தனித் தகுதி, தனிச் சான்றிதழ் வேண்டும். வெளிநாடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சான்றிதழைப் புதுப்பிக்கவும் வைக்கிறார்கள். அந்தத் தகுதிக்கான பயிற்சியில் மலை ஏறுவதும் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹெட்செட் மாட்டும் முன் ஒவ்வொருவரும் பழைய பாதையில் ஏறி, குப்பனூர் வழியாக ஒருமுறையாவது இறங்கட்டும். ஏற்காடு ஒண்டிக்கடையில் நிற்கட்டும். நாகலூரிலும் மாரமங்கலத்திலும் எந்த இடத்தில் செல்போன் சிக்னல் விழுகிறது, எங்கே விழவில்லை என்று பார்க்கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, வரைபடத்தில் பாதை இருந்தது, தரையில் இல்லை. அந்த வித்தியாசம் திரையில் தெரியாது, மலையில் நடந்தவருக்குத் தெரியும்.

மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வண்டி வேலைக்கு மட்டும் போகாதீர்கள், கட்டுப்பாட்டு அறைக்கும் விண்ணப்பியுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சு உங்களுக்குப் புரிகிற வேகத்தில் இன்னொருவருக்குப் புரியாது.

ஒரு வேலை தருகிறேன். இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து உங்கள் ஊரை எழுதுங்கள்: ஊராட்சிப் பெயர், மக்கள் கூப்பிடும் பெயர், எஸ்டேட் பெயர், பக்கத்துக் கோயில், ஆம்புலன்ஸ் எதுவரை வரும், மழைக்காலத்தில் எங்கே நின்றுவிடும், அங்கிருந்து நோயாளியை எவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டும். பணியில் சேரும் அன்று அந்த நோட்டை உங்கள் பயிற்சியாளர் கையில் கொடுங்கள்.